செவ்வாய்க்கிழமையைக் காணோம்

பத்து மணிக் கூட்டத்தில் டீம் லீடர் இம்மானுவேல் “ஆதிரை, நீ ஆரம்பிம்மா” என்று முதல் ஆளைக் கூப்பிட்டபோதுதான் செண்பகவல்லிக்கு உறைத்தது, நேற்று முழுக்கத் தான் என்ன வேலை பார்த்தோம் என்பது ஒரு துளிகூட ஞாபகமில்லை என்று. பாதி மறந்து பாதி நினைவிருந்தாலாவது ஒட்டுப்போட்டு ஒப்பேற்றிவிடலாம். இது சுத்தம். மேடவாக்கம் வீட்டின் இந்தப் பின்னறையில், இதே நாற்காலியில், ஒன்பது மணிக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்தது தெரியும். ராத்திரி தோசைத் தட்டை கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கையால் பிய்த்துத் தின்றபடி மறு கையால் டைப் அடித்தது தெரியும், சட்னி சொட்டியதும் தெரியும், துப்பட்டா நுனியால் அதைத் துடைத்ததும் தெரியும். நடுவில் கிடந்த பன்னிரண்டு மணி நேரத்தை எவன் தூக்கிக்கொண்டு போனான்? செவ்வாய்க்கிழமை என்று ஒன்று வந்ததா இல்லையா? வந்தது, வந்தது, நகவெட்டியை எடுத்தபோது செவ்வாயும் அதுவுமா நகம் வெட்டாதே என்று புருஷன் ஐயப்பன் சொன்னானே. ஆனால் அவன் சொன்னது போன செவ்வாயா, நேற்றா? நகத்தைப் பார்த்தாள். வெட்டித்தான் இருந்தது. அப்படியானால் சொன்ன பேச்சைக் கேட்காமல் வெட்டினாளா, இல்லை புதன்கிழமை வெட்டி ஒரு வாரம் ஆகிவிட்டதா? சே, நகமா இப்போது முக்கியம். இந்தக் கூட்டத்துக்குப் பெயர் ஸ்டாண்டப். எல்லோரும் நின்றுகொண்டு பேசினால் கால் வலிக்கும், கால் வலித்தால் சீக்கிரம் முடிப்பார்கள் என்று எவனோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தது. இப்போது ஆளாளுக்கு அவரவர் வீட்டில் கட்டிலிலும் சோபாவிலும் சாய்ந்துகொண்டு, கேமராவை அணைத்துவிட்டு, அரை மணி நேரம் இழுக்கிறார்கள். ஒவ்வொருவரும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், தடங்கல் ஏதாவது உண்டா. இரண்டு வாக்கியம் போதும். அந்த இரண்டு வாக்கியத்துக்குத்தான் இப்போது வழியில்லை. இம்மானுவேல் ஆங்கில எழுத்து வரிசைப்படிதான் தினமும் கூப்பிடுவான், ஆதிரை, ஃபாசில், பெருமாள், ரூபா, செண்பகவல்லி, விமல். ஐந்தாவது ஆள். முன்னால் நாலு பேர் இருக்கிறார்கள், ஆளுக்கு நாலு நிமிஷம் என்றாலும் பதினாறு நிமிஷம் இருக்கிறது. பதினாறு நிமிஷத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

வேறு நாளாக இருந்தால் “அதே கார்டுதான், தொடருது” என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்துவிடலாம். கார்டு என்பது வேலைச் சீட்டு. எந்த வேலை யார் கையில் என்று எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஒரு பலகை, அதில் கட்டம் கட்டமாகக் கார்டுகள், முடிந்தது வலது பக்கம் நகரும், முடியாதது இருந்த இடத்திலேயே கிடக்கும். செண்பகவல்லியின் கார்டு வெள்ளிக்கிழமையிலிருந்து இருந்த இடத்திலேயே கிடக்கிறது. திங்கட்கிழமை ‘தொடருது’ என்றாள். செவ்வாய்க்கிழமையும் ‘தொடருது’ என்றாள். மூன்றாவது நாளும் அதையே சொன்னால் பிச்சைக்காரன்கூட வேறு வீடு பார்க்கப் போய்விடுவான். அதுவும் இந்த நேரத்தில். திங்கட்கிழமையிலிருந்து கூட்டத்தில் ஒரு புது வட்டம் வந்து உட்கார்ந்திருக்கிறது. முகமில்லை, பி.கே. என்று இரண்டே எழுத்து, மைக் எப்போதும் அணைத்தே இருக்கும். யாரென்று கேட்டதற்கு, “மேலிடத்துலேர்ந்து, சும்மா அப்சர்வ் பண்றாங்க” என்றான் இம்மானுவேல். பக்கத்து டீமிலும் சும்மாதான் அப்சர்வ் பண்ண வந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் நாலு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாலில் ஒருத்தி ஹேமலதா, ஏழு வருஷம் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள். அன்றைக்கு இரண்டே கால் மணிக்கு ஹேமா எதையோ இவளுக்கு எழுத ஆரம்பித்தாள், ‘ஹேமலதா டைப் செய்கிறார்’ என்று திரையின் அடியில் புள்ளிகள் துள்ளின, துள்ளிக்கொண்டே இருந்தன, திடீரென்று நின்றுவிட்டன. பேர் சாம்பல் நிறமாகப் போய்விட்டது. என்ன எழுத வந்தாள்? போனில் கேட்டால் தெரியும். போன் செய்ய இன்னும் தைரியம் வரவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது, சாப்பிட்டியாடி என்றா? அடுத்தது இந்த டீம்தான், ஒருவரோ இரண்டு பேரோ என்று பேச்சு. யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதை வைத்துத்தான் முடிவாம். அந்த வட்டம் இந்த இரண்டு வாக்கியங்களைத்தான் குறித்துக்கொள்கிறதாம். அம்மா தாயே, கோவில்பட்டியில் என் பேரோடு இருக்கிறவளே, நேற்றைக்கு நான் செய்தது ஏதாவது ஒன்றே ஒன்றை எடுத்துக் கொடு.

“நேத்து அந்த ரெண்டு பில் பிரச்சனைய முடிச்சுட்டேன் சார்” என்று ஆதிரை சொல்லிக்கொண்டிருந்தாள். இருபத்து நாலு வயது, சேர்ந்து எட்டு மாசம், குரலில் இன்னும் வைவா பரீட்சை நடுக்கம் போகவில்லை. இவர்கள் டீம் பார்ப்பது பல் வைத்தியக் காப்பீடு. அமெரிக்காவில் எவனோ பல் பிடுங்கிக்கொண்டால் பில் இங்கே வந்து சேரும், பார்த்து அனுப்ப வேண்டும். அதில் ஒரே பல்லுக்கு இரண்டு பில் பதிவாகிக்கொண்டிருந்தது ஒரு மாசமாகப் பெரிய தலைவலி. “ஒரே பல்ல ஒருத்தருக்கு ரெண்டு தடவ பிடுங்க முடியாதுல்ல சார்” என்றாள் ஆதிரை. யாரோ சிரித்தார்கள். “அவங்களுக்கு சாயங்காலம் பல்லு போனா நமக்கு மறுநாள் ஆயிடுது, அந்தத் தேதி வித்தியாசத்துல சிஸ்டம் ரெண்டு பல்லுன்னு நினைச்சுக்குது.” நல்லாச் சொல்லுதே இந்தப் பிள்ளை என்று நினைத்தாள் செண்பகவல்லி. சாயங்காலம் பல்லு போனா மறுநாள். இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே. எங்கே? பல் டாக்டரிடமா? பல் டாக்டரிடம் போய் நாலு வருஷம் ஆகிறது, வலது கடைவாயில் ஐஸ்வாட்டர் பட்டால் கூசுகிறது, போக வேண்டும், எப்போது போக, எந்த நேரத்தில் போக. “செம்பா, பருப்புக்கு எத்தனை விசில்?” என்று அடுக்களையிலிருந்து ஐயப்பன் குரல் கொடுத்தான். மதிய ஷிஃப்டுக்குக் கிளம்புகிற வாரங்களில் காலைச் சமையல் அவனுடையது. மைக் அணைந்திருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்து, மறுபடி ஒரு தரம் பார்த்து, “நாலு” என்று கத்தினாள். நேத்து எத்தனை வெச்சேன் என்று அவன் கேட்டான். பார், அவனுக்கும் நேற்று மறந்துவிட்டது. ஆனால் அவனுக்குப் பருப்புதானே மறந்தது. இவளுக்கு ஒரு நாளே போயிருக்கிறது. பெரியம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது, வாசல் கதவைச் சாத்தினோமா என்று பத்து தரம் எழுந்து போய்ப் பார்ப்பாள், அப்புறம் பெற்ற பிள்ளையையே யாரு வீட்டுப் பையன் என்று கேட்டாள். ஆனால் அவளுக்கு எழுபத்து மூணு. நாற்பத்து மூணு வயதிலேயேவா வரும் அந்தக் கருமம்? வந்தால்தான் யாரிடம் சொல்ல முடியும்? மறதி வந்த புரோகிராமரை எவன் வைத்துக்கொள்வான்.

அடுத்து ஃபாசில் பேசினான். வாணியம்பாடிப் பையன், பையன் என்ன பையன், கல்யாணமாகி அவன் மனைவிக்கு இது ஏழாம் மாசம். ராத்திரியில் தானாக ஓடுகிற பெரிய கணக்கு வேலை ஒன்று நாற்பது நிமிஷம் பிடித்ததாம், அதை மாற்றி எழுதி ஆறு நிமிஷமாக்கிவிட்டானாம், இன்று ராத்திரிதான் முதல் தடவையாக நிஜத்தில் ஓடப்போகிறதாம். “சூப்பர் ஃபாசில், இதை நான் மேல சொல்றேன்” என்று இம்மானுவேல் சொன்னபோது செண்பகவல்லிக்கு நெஞ்சுக்குள் பெற்ற தாய்க்கு வருகிற மாதிரி ஒரு குளிர்ச்சி பரவியது. இதென்னடா கூத்து, எவனோ செய்த வேலைக்கு எனக்கு ஏன் இப்படி இனிக்கிறது? சந்தேகம் வந்தது. அரட்டைப் பெட்டியைத் திறந்து நேற்றைய தேதிக்கு மேலே ஏறினாள். எல்லோரும் வந்து எழுதியிருந்தார்கள். அக்கா ஒரு நிமிஷம் இருக்கா. அக்கா ரெண்டு நிமிஷம் வர முடியுமா. அக்கா சின்ன டவுட். அக்கா ஃப்ரீயா. இவள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் போட்டிருக்கிறாள், ‘வாப்பா’, ‘வாம்மா’. அதற்குக் கீழே ஒரு தொலைபேசிப் படம், அழைப்பு முடிந்தது, ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம் என்று ஃபாசிலிடம். ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் ஆதிரையிடம். அவ்வளவுதான் இருந்தது, என்ன பேசினார்கள் என்று அதில் எங்கே எழுதியிருக்கும். ஆனால் அந்த ஐம்பத்திரண்டைப் பார்த்ததும் ஒரு நூல் கையில் அகப்பட்டது. ஃபாசிலின் திரையில் இவள் விரல் ஓடியது, “நகருப்பா, நான் டைப் பண்றேன்” என்று அவன் கணினியை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு, அந்தப் பெரிய வேலையை நாலாக உடைத்து, நாலையும் சேர்ந்தாற்போல் ஓட வைத்தது. நாற்பது, பதினெட்டு, பதினொன்று, ஆறு. ஆறு வந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “ஐயோ” என்றார்கள். நேற்றுதான்! அதற்கு முன்னால் ஆதிரை, “அக்கா எனக்கு ஒண்ணுமே புரியல” என்று அழப்போனவளிடம், அமெரிக்காக்காரனுக்குச் சாயங்காலம் பல்லு போனா நமக்கு மறுநாள்டி, என்று சொன்னது இந்த வாய். அட லூசு, உன் பேச்சையே கேட்டு எவளோ நல்லாப் பேசுறான்னு மெச்சிக்கொண்டாயே!

மறதி நோய் இல்லை. அப்பாடா. அந்த ஒரு நிம்மதியில் அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பெருமாள் தன் தடங்கலைச் சொல்லிக்கொண்டிருந்தான், நாலு நாளாகப் பாஸ்வேர்டு வரவில்லை, கேட்டால் டிக்கெட், அதாவது புகார்ச் சீட்டு, போடச் சொல்கிறார்கள், டிக்கெட் போட உள்ளே போனால் பாஸ்வேர்டு கேட்கிறது என்று. பெருமாள் எதையும் சுருக்கிச் சொல்லமாட்டான், நல்லது, பேசட்டும், எனக்கு நேரம் வேண்டும். காலையில் ஆதிரை, மத்தியானம் வரை ஃபாசில், மூன்று மணியிலிருந்து ரூபா, அதற்கப்புறம் சிங்கப்பூர் அலுவலகத்து ஆள் ஒருவர், ராத்திரி மறுபடி ஃபாசில், தோசை. கிடைத்துவிட்டது முழுசாக. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று அம்மா சொல்வாள். இவள் ஊட்டிய ஊரான் பிள்ளைகள் எல்லாம் பலகையில் வலது பக்கம் போய்ப் பச்சை நிறத்தில் மினுக்கிக்கொண்டிருந்தன. தன் பிள்ளை மட்டும் வெள்ளிக்கிழமை வைத்த இடத்தில் கிடந்தது. யார் கணினியில் டைப் அடிக்கிறோமோ அவர் பெயரில்தான் வேலை பதிவாகும், இது தெரியாதவளா, பதினொரு வருஷமாக இதே கம்பெனியில் குப்பை கொட்டுகிறவள். தெரிந்தும் ஒரு நாளாவது, இரு, உனக்கு உதவி என்று என் பேரில் ஒரு கார்டு போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னதுண்டா? அக்கா என்று கூப்பிட்டவனிடம் சீட்டுக் கேட்பதா என்று கூச்சம். கூச்சப்பட்டாயே, இப்போது சொல்லு பார்ப்போம். என்ன சொல்வது? ‘நேத்து ஆதிரை சொன்னது நான் பண்ணினது, ஃபாசில் சொன்னதும் நான் பண்ணினது.’ சொல்லலாம். உண்மைதானே. அந்த வட்டம் குறித்துக்கொள்ளும், சரி, அப்படியானால் ஆதிரை எதற்கு, ஃபாசில் எதற்கு என்று. ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தே எட்டு மாசம், இன்னொருவன் மனைவிக்கு ஏழாம் மாசம். சொல்லாவிட்டால் செண்பகவல்லி எதற்கு என்று குறித்துக்கொள்ளும். ‘டீமுக்கு சப்போர்ட் பண்ணேன்’ என்று பொதுவாகச் சொன்னால்? ஐயையோ, அது ஹேமாவின் வாக்கியம்! பக்கத்து டீமில் தினமும் சப்போர்ட் பண்ணேன், சப்போர்ட் பண்ணேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அவளே கேன்டீனில் சிரித்தாள். ஒருவேளை அன்றைக்கு இரண்டே கால் மணிக்கு அதைத்தான் எழுத வந்தாளோ, சப்போர்ட்டுன்னு மட்டும் சொல்லித் தொலைச்சுடாதடி என்று.

“ரூபா” என்றான் இம்மானுவேல். ரூபா சொல்லட்டும், அவளாவது ஒரு வார்த்தை சொல்லட்டும், செண்பகா அக்காவும் கூட இருந்தாங்க என்று போகிறபோக்கில் சொன்னால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு நான் ஏறிவிடுவேன், ஆமாம், ரூபா சொன்ன மாதிரி என்று ஆரம்பிக்கலாம், யார் குடியும் கெடாது. “நேத்து மூணு மணியிலேர்ந்து நானே ரொம்ப நேரம் தனியா உக்காந்து கண்டுபிடிச்சேன்” என்றாள் ரூபா. தனியாவா! அடிப்பாவி. மூன்று மணியிலிருந்து ஐந்தேகால் வரை தொண்டை வற்ற வற்றப் பேசினேனே, நடுவில் எழுந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கப் போகவில்லையே. கோபம் சுர்ரென்று ஏறி உடனே இறங்கியும்விட்டது. ரூபாவுக்கும் அந்த வட்டம் தெரிகிறது. ரூபா ஒற்றை ஆளாக அம்மாவை வைத்துக் காப்பாற்றுகிறவள். நான் அவள் இடத்தில் இருந்தால் கூட இருந்தாங்க என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. குக்கர் மூன்றாவது விசிலா நாலாவதா, எண்ண விட்டுப்போயிற்று, ஐயப்பன் எண்ணுவான். சரி, முடிவு பண்ணு. பேரெல்லாம் வேண்டாம். என் கார்டில் முக்கால்வாசி முடிந்தது, இன்றைக்கு முடித்துவிடுவேன் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு, கூட்டம் முடிந்ததும் எவன் அக்கா என்று கூப்பிட்டாலும் காதில் வாங்காமல் சாயங்காலத்துக்குள் நிஜமாகவே முடித்துவிட வேண்டும். முடியும். நாலு மணி நேரம் விட்டால் முடியும். நேத்து முக்கால்வாசி முடிச்சுட்டேன், இன்னிக்கு முடிஞ்சிடும், தடங்கல் ஒண்ணும் இல்ல. இரண்டு வாக்கியம். மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“ஓகே ரூபா. விமல்?” என்றான் இம்மானுவேல்.

தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. வெட்கக்கேடு, ஆனால் அப்படித்தான் தோன்றியது. வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்டுக்கொண்டே வந்து நம் பெஞ்சைத் தாண்டிப் போனால் வருமே, அந்தச் சந்தோஷம். மறந்துவிட்டான், பாவம், அவனுக்கும் ஆயிரம் வேலை, கடைசியில் கூப்பிடுவான், கூப்பிடாவிட்டால் இன்னும் நல்லது. அப்புறம்தான் உறைத்தது. எழுத்து வரிசையில் ஆர் முடிந்தால் எஸ். ஆறு வருஷமாக இந்த டீமில் ஆருக்கு அப்புறம் எஸ். அவன் வரிசையை நினைவிலிருந்து சொல்வதில்லை, பலகையைப் பார்த்துப் படிக்கிறான். பலகையில் பேர் இருந்தால் படித்திருப்பானே. பலகையைத் திறந்தாள், புதுப்பித்தாள், மறுபடி புதுப்பித்தாள். ஐந்து பேர் இருந்தார்கள். “நான் பழைய வேலை முடிச்சாச்சு சார், இன்னிலேர்ந்து அக்காவோட...” என்று ஆரம்பித்த விமல் சட்டென்று நிறுத்தி, “அந்த இன்னொரு கார்டை எடுத்திருக்கேன்” என்றான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து? மற்றவர்களுக்கும் தெரியுமா? ஆதிரைக்கு? இல்லை, பலகையில் ஏதோ கோளாறு, எத்தனை தடவை பார்த்திருக்கிறோம், பேர் விட்டுப்போகும், திரும்ப வரும், நான்தானே எல்லோருக்கும் சரி பண்ணிக் கொடுப்பேன். “சரி, எல்லாரும் ஆச்சுல்ல?” என்றான் இம்மானுவேல். ஆறு பேர் டீமில் ஐந்து பேர் பேசியிருக்கிறார்கள், எண்ணத் தெரியாதவர்களா எல்லோரும்? செண்பகவல்லி மைக்கைத் திறந்தாள். “இம்மானுவேல், நான் இன்னும் சொல்லல” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது, அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவனும் இவளும் ஒரே நாளில் இந்தக் கம்பெனியில் சேர்ந்தவர்கள், ஒரே கவுன்டரில் வரிசையில் நின்று அடையாள அட்டைக்குப் போட்டோ எடுத்துக்கொண்டவர்கள். “செண்பகம், நீங்க லைன்லயே இருங்க” என்றான். “மத்தவங்க கிளம்பலாம்.”

வட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ரூபாதான் முதலில் போனாள். ஃபாசில், விமல், பெருமாள். ஆதிரை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தாள், அவள் மைக் திறந்தது, பின்னால் எங்கோ மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது, “அக்கா...” என்றாள், அப்புறம் அவளும் இல்லை. பி.கே.யின் மைக் முதல் தடவையாகத் திறந்தது. பெண் குரல், தூங்கி எழுந்த குழந்தையிடம் பேசுகிற மாதிரி இதமான குரல். வணக்கம் மேடம், இது உங்கள் திறமையைப் பற்றியது இல்லை, அமைப்பு மாறுகிறது, இன்றோடு உங்கள் வேலைகள் கைமாறிவிடும், விவரமெல்லாம் மெயிலில் வரும் என்று எழுதி வைத்ததை வாசித்தது. செண்பகவல்லி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வந்தன, அமைப்பு என்றால் என்ன, கைமாறுவது எது. இத்தனை நேரம் தேடி எடுத்து வைத்த செவ்வாய்க்கிழமை முழுசாக மனசில் நின்றது, ஒன்பது மணியிலிருந்து தோசை வரைக்கும் ஒரு நிமிஷம் விடாமல். அதைச் சொல்லலாமா? இப்போது பேர் சொன்னாலும் இவளுக்கு வேலை திரும்ப வரப்போவதில்லை, அவர்கள் வேலையும்தான் போகும். பொய்யையாவது சொல்லியிருக்கலாம், அதற்கும் இடம் கொடுக்கவில்லை. “ஏதாவது கேக்கணுமா மேடம்?” என்றது குரல். இம்மானுவேல் இருமினான். கேட்பதற்கு எவ்வளவோ இருந்தது. எப்போது முடிவு பண்ணினீர்கள், யார் சொன்னார்கள், மூன்று நாளாக என்ன குறித்துக்கொண்டீர்கள். வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

“ஃபாசில் மாத்தின வேலை இன்னிக்கு ராத்திரிதான் முதல் தடவையா ஓடுது” என்றாள். “பாதில நின்னுச்சுன்னா அவன் யாரைக் கூப்பிடுவான்?”

காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“சாரி மேடம்,” என்றது பி.கே.யின் குரல், “ஃபாசில்ங்கிறது யாரு?”